இலைக்குள் உருவாகும் நஞ்சு: பசுங்கணிகம் அதை எப்படிச் சமாளிக்கிறது?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெளித்த செடி நல்ல வெயிலில் நின்றால், சில மணி நேரத்திலேயே வாடிக் கருகத் தொடங்கும். தெளித்த கையோடு இருட்டறைக்குள் கொண்டுபோய் வைத்தால் அந்த வேகம் இருக்காது. வெளிச்சம் பட்டதும்தான் மருந்து தன் வேலையைக் காட்டும். பாராகுவாட் எந்த நொதியையும் அடைத்துச் செடியைக் கொல்வதில்லை. இலையின் உயிரணுக்களில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பான பசுங்கணிகத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்களில் ஒன்றை வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த எலெக்ட்ரானுக்காக வெறுங்கையோடு திரும்பி வருகிறது. ஒரே மூலக்கூறு இதைத் திரும்பத் திரும்பச் செய்யும். செடியை அழிப்பது அப்படி எலெக்ட்ரான் ஏறிய ஆக்சிஜன்தான். அதற்கான ஆற்றல் முழுவதும் செடி தானே பிடித்து வைத்த சூரிய ஒளியிலிருந்து வருகிறது.

பாராகுவாட் இதில் புதிதாக எதையும் தொடங்கி வைக்கவில்லை. எலெக்ட்ரான் ஆக்சிஜனிடம் தாவுவது, மருந்தே காணாத ஆரோக்கியமான இலையிலும் பகல் முழுக்க நடக்கிறது. மருந்து அதன் வேகத்தைக் கட்டுக்கடங்காமல் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அப்படியானால் மற்ற இலைகள் தினமும் ஏன் கருகிப்போவதில்லை? "இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது" என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். தவறில்லை, ஆனால் அரைகுறையான பதில். எந்தப் பொருள், எந்த இடத்தில், எவ்வளவு விரைவாக, யார் செலவில் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் விஷயம் பிடிபடும். பசுங்கணிகம் இந்த நச்சு ஆக்சிஜனை அடியோடு ஒழிக்க முயல்வதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். அதை அளவோடு வைத்துக்கொண்டு, அதனிடமே வேலையும் வாங்குகிறது.

ஆபத்து ஏன் இங்கே குவிகிறது

ஒளியைப் பிடிப்பதற்கென்றே நெருக்கமாக அடுக்கப்பட்ட பச்சைய மூலக்கூறுகள், தண்ணீரைப் பிளந்து அதே இடத்தில் வெளியாகும் ஆக்சிஜன், எலெக்ட்ரானைப் பிறர் மீது தள்ளிவிடத் துடிக்கும் புரதங்கள். இந்த மூன்றும் ஒருசேர இருக்கும் இடம் உயிரணுவில் பசுங்கணிகம் ஒன்றுதான்.

நடுப்பகல் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விநாடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன. ஆனால் பல செடிகளின் இலைகளில் ஒளிச்சேர்க்கை அதில் பாதி அளவை எட்டும் முன்பே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் விழும் ஒளியையும் பச்சையம் உறிஞ்சத்தான் செய்யும்; உறிஞ்சாமல் இருக்க அதற்குத் தெரியாது. இன்னொரு பக்கம், கார்பன் டைஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ நொதி விநாடிக்கு மூன்று மூலக்கூறு அளவில்தான் வேலை செய்கிறது. ஒளியைப் பிடிப்பது ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. அதைச் செலவழிக்கும் வேதிவினைகளோ நின்று நிதானமாக நடக்கின்றன.

வறட்சி வந்தால் இந்த இடைவெளி இன்னும் விரிகிறது. தண்ணீரை மிச்சப்படுத்த இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். கார்பன் டைஆக்சைடு வரத்து நிற்கும். வெயில் மட்டும் குறையாது. குளிரிலும் அதே கதைதான். நொதிகள் மந்தமாகும், ஆனால் பச்சையம் ஒளியை உறிஞ்சுவதைக் குளிர் தொடுவதே இல்லை. வறட்சி, குளிர், உப்பு, ஊட்டக்குறை என்று வேளாண் நூல்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து எழுதும் பல துன்பங்களிலும், இலைக்குள் போய்ப் பார்த்தால் இந்த உபரி ஒளியின் சிக்கலே பெரும்பங்கு வகிக்கிறது.

இது செடிகள் தோன்றிய பிறகு வந்த தொல்லையும் அல்ல. பசுங்கணிகங்களின் மூதாதையர், ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரிகளான சயனோபாக்டீரியாக்கள். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்குக் காரணமும் அவையே. தாம் வெளியிட்ட ஆக்சிஜனின் நச்சை முதலில் எதிர்கொள்ள வேண்டியிருந்ததும் அவைதான். இலைக்குள் இன்று நாம் காணும் பாதுகாப்பில் பெரும்பகுதியின் வேர் அங்கே இருக்கிறது.

ஆக்சிஜன் இரண்டு வழிகளில் நஞ்சாகிறது. ஒன்று, அது எலெக்ட்ரானைப் பெற்றுக்கொள்வது. மற்றொன்று, எலெக்ட்ரான் எதையும் பெறாமல், பச்சையத்திடமிருந்து ஆற்றலை மட்டும் வாங்கிக்கொள்வது. பொதுக் கட்டுரைகளில் இரண்டையும் ஒரே பெயரில் கலந்துவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. இரண்டும் பிறக்கும் இடம் வேறு, ஆயுள் வேறு, அவற்றை அடக்கும் முறையும் வேறு.

எலெக்ட்ரான் வழி

தண்ணீரிலிருந்து பிடுங்கப்படும் எலெக்ட்ரான், பசுங்கணிகத்தின் உள்ளே இருக்கும் தைலகாய்டு சவ்வில், ஒளியைப் பிடித்து எலெக்ட்ரானைத் தள்ளும் இரண்டு புரதத் தொகுப்புகளில் முதலாவதான ஒளி அமைப்பு 2-இல் புறப்பட்டு, அடுத்ததான ஒளி அமைப்பு 1-ஐக் கடந்து, ஃபெரிடாக்சின் என்ற எலெக்ட்ரான் சுமக்கும் புரதம் வழியாகக் கார்பன் நிலைநிறுத்தும் வேலைக்கு, அதாவது கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வேலைக்கு, போய்ச் சேர வேண்டும். அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால், ஒளி அமைப்பு 1-இன் வாசலில் தேங்கி நிற்கும் எலெக்ட்ரான் ஆக்சிஜன் மீது ஏறிக்கொள்ளும். வெளிச்சத்தில் வைத்த பசுங்கணிகங்கள் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகின்றன என்று ஆலன் மெஹ்லர் 1951-இல் காட்டினார். எலெக்ட்ரான் ஒவ்வொன்றாக ஏறுவதால் முதலில் உருவாவது சூப்பர்ஆக்சைடு என்பதை அறிய மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இடையில், 1969-இல், ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதியான சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸைக் கண்டறிந்தனர். அந்த அறிவோடு ஜப்பானின் கோஸி அசாடாவும் அவருடைய குழுவும் 1974-இல் பசுங்கணிகங்களில் சூப்பர்ஆக்சைடு பிறப்பதை உறுதிசெய்தார்கள்.

டிஸ்மியூடேஸ் இரண்டு சூப்பர்ஆக்சைடுகளை எடுத்து, ஒன்றை மீண்டும் ஆக்சிஜனாகவும் மற்றொன்றை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் ஆக்குகிறது. பசுங்கணிகத்தில் இதற்கு இரண்டு வகைகள் உண்டு: தாமிரமும் துத்தநாகமும் கொண்ட ஒன்று, இரும்பு கொண்ட மற்றொன்று. மண்ணில் தாமிரம் குறையும்போது நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தாமிரக் குறைவை உணரும் ஒரு புரதம், மைக்ரோஆர்என்ஏ 398 என்ற குட்டி மூலக்கூறின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அது தாமிர டிஸ்மியூடேஸைத் தயாரிக்கச் சொல்லும் ஆர்என்ஏ செய்தியைத் துண்டித்துவிடும். அந்த இடத்தை இரும்பு டிஸ்மியூடேஸ் நிரப்பிக்கொள்ளும். இப்படி மிச்சமாகும் தாமிரம், எலெக்ட்ரான் போக்குவரத்துக்குத் தவிர்க்க முடியாத பிளாஸ்டோசயனின் புரதத்துக்குப் போகிறது. பாதுகாப்பு வேலையை இரும்பை வைத்தும் முடித்துக்கொள்ளலாம், பிளாஸ்டோசயனினுக்கோ தாமிரத்தை விட்டால் வேறு கதி இல்லை. செடி இந்த இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்துப் பங்கிடுகிறது.

சூப்பர்ஆக்சைடு போனாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு மிஞ்சுகிறது. பெயரளவில் சாதுவானது, காயத்துக்குத் தடவும் கரைசலில் இருப்பதும் அதுவே. ஆனால் பசுங்கணிகத்துக்கு மிகச் சிறிய அளவே போதும். தனித்துப் பிரித்தெடுத்த பசுங்கணிகங்களில் வெறும் 10 மைக்ரோமோலார் செறிவே கார்பன் நிலைநிறுத்தலைப் பாதியாகக் குறைத்துவிடும் என்று வெர்னர் கைசர் 1970-களில் காட்டினார். கார்பனை நிலைநிறுத்தும் கால்வின் சுழற்சியின் சில முக்கிய நொதிகள் தம்மிடம் உள்ள கந்தக முனைகள் ஒடுக்கப்பட்ட, அதாவது எலெக்ட்ரான் ஏறிய, நிலையில் இருந்தால்தான் வேலை செய்யும். பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றி, அதாவது அந்த எலெக்ட்ரானைப் பறித்து, முடக்குகிறது. வடிகால் எதுவும் இல்லாவிட்டால் வெயிலில் இந்த அளவு சேர ஒரு விநாடிகூட ஆகாது என்பது அசாடாவின் கணிப்பு. இரும்பு அயனி ஒன்று தனித்துத் திரிந்தால் நிலைமை இன்னும் மோசம்: அது பெராக்சைடைப் பிளந்து, எதிர்ப்பட்ட எந்த மூலக்கூறையும் விட்டுவைக்காத ஹைட்ராக்சில் ராடிக்கலை உண்டாக்கும். அதை அழிக்க எந்த உயிரினத்திடமும் நொதி இல்லை. ஆகவே பிறக்கவிடாமல் தடுப்பதுதான் ஒரே வழி. செடிகளில் இரும்பைப் பூட்டி வைக்கும் ஃபெரிட்டின் புரதம் பெரும்பாலும் கணிகங்களுக்குள்ளேயே இருப்பது இதனால் பொருத்தமாகவே இருக்கிறது.

பெராக்சைடை அழிக்க உயிர்வேதியியலில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் நொதி கேட்டலேஸ். பசுங்கணிகம் அதை நம்பி இல்லை. கேட்டலேஸ் பெராக்சிசோம்கள் என்ற வேறு நுண்ணுறுப்புகளில் வாழ்கிறது. பெராக்சைடு நிறையக் குவிந்திருக்கும் இடத்தில்தான் அதன் திறமை வெளிப்படும். சில மைக்ரோமோலாரே ஆபத்தாக இருக்கும் இடத்தில் அதனால் பெரிய பயனில்லை. பசுங்கணிகம் பயன்படுத்துவது அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற நொதியை. அது மிகக் குறைந்த செறிவிலும் பெராக்சைடைத் தேடிப் பிடிக்கும். அதற்கு எலெக்ட்ரான் கொடுப்பது அஸ்கார்பேட், அதாவது வைட்டமின் சி. பசுங்கணிகத்தில் இதன் செறிவு பல பத்து மில்லிமோலார்வரை போகும். பெராக்சைடை மைக்ரோமோலாரில் அளக்கும் இடத்தில் இதை மில்லிமோலாரில் அளக்கிறோம் என்பதே செடி இதற்குக் கொடுக்கும் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. பசுங்கணிகத்தின் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், அஸ்கார்பேட் தீர்ந்துபோன நிலையில் பெராக்சைடை எதிர்கொண்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் செயலிழந்துவிடும். எனவே அஸ்கார்பேட்டை இருப்பில் வைத்திருந்தால் மட்டும் போதாது. செலவான வேகத்திலேயே அது புதுப்பிக்கப்பட வேண்டும். எலெக்ட்ரானை இழந்த அஸ்கார்பேட் சவ்வின் அருகிலேயே இருந்தால், ஃபெரிடாக்சின் நேரடியாக எலெக்ட்ரான் கொடுத்து மீட்டுவிடும். அங்கே தப்பி, சவ்வைச் சூழ்ந்த திரவப் பகுதியான ஸ்ட்ரோமாவுக்குள் போனவற்றை மீட்கும் பொறுப்பு வேறு நொதிகளுக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறுக்கும். கிறிஸ்டின் ஃபாயரும் பேரி ஹாலிவெல்லும் 1976-இல் முன்வைத்த இந்தச் சுழற்சி, அசாடாவின் பெயரையும் சேர்த்து ஃபாயர்–ஹாலிவெல்–அசாடா பாதை என்று அழைக்கப்படுகிறது. அதில் கடைசியாக எலெக்ட்ரான் தருவது ஒளிச்சேர்க்கையில் உருவான, எலெக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிபிஎச். இவற்றோடு பெராக்சிரெடாக்சின் என்ற புரதக் குடும்பமும் பெராக்சைடை அழிக்கும் பணியில் இருக்கிறது. அவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு, பின்னால் பார்ப்போம்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும். ஒளி அமைப்பு 2-இல் இரண்டு நீர் மூலக்கூறுகள் பிளந்து நான்கு எலெக்ட்ரான்களும் ஓர் ஆக்சிஜனும் வருகின்றன. அந்த நான்கில் இரண்டு எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சூப்பர்ஆக்சைடாக்கி, அது பெராக்சைடாகிறது. மீதி இரண்டு எலெக்ட்ரான்கள் அஸ்கார்பேட்டை மீட்க, அஸ்கார்பேட் பெராக்சைடை இரண்டு நீர் மூலக்கூறுகளாக்குகிறது. போன நீர் திரும்பி வந்துவிட்டது. வந்த ஆக்சிஜன் போய்விட்டது. மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சுற்றில் உபரி ஒளி செலவாகிறது. சவ்வின் இருபுறமும் புரோட்டான் வேறுபாடு உருவாகிறது. அசாடா இதற்கு நீர்–நீர் சுழற்சி என்று பெயர் வைத்து 1999-இல் விரிவாக எழுதினார். ஏரி நிரம்பும்போது கரை உடையாமல் காக்கும் கலிங்கைப் போன்றது இது. நஞ்சு என்று நாம் சொன்ன அதே ஆக்சிஜன் இங்கே தேங்கிய எலெக்ட்ரான்களுக்கு வடிகாலாகிறது. நச்சுமுறிவுக்கான எலெக்ட்ரானும் நஞ்சை உண்டாக்கிய அதே தொடரிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பாராகுவாட் ஏன் அவ்வளவு கொடியது என்பதும் இங்கே விளங்கும்: அது நஞ்சைப் பெருக்குவதோடு நிற்பதில்லை, நஞ்சை முறிக்க வேண்டிய எலெக்ட்ரான்களையும் மடைமாற்றிவிடுகிறது.

இந்த வடிகால் எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாள் விவாதம் உண்டு. சாதாரண நிலையில் பூக்கும் செடிகளில் மொத்த எலெக்ட்ரான் ஓட்டத்தில் இதன் பங்கு சிறியது என்று பல அளவீடுகள் காட்டுகின்றன. சயனோபாக்டீரியா, பசும்பாசிகள், மாஸ் வகைகள், பைன் போன்ற திறந்தவிதைத் தாவரங்கள் ஆகியவற்றிடம் இன்னொரு வசதி உள்ளது. ஃப்ளேவோடையயர்ன் புரதங்கள் எனப்படும் இவை, இடையில் சூப்பர்ஆக்சைடோ பெராக்சைடோ வெளிப்படாமல் ஆக்சிஜனை நேராகத் தண்ணீராக்கிவிடும். இவ்வளவு பாதுகாப்பான வழியைப் பூக்கும் தாவரங்கள் பரிணாமத்தில் கைவிட்டுவிட்டன. ஏன் என்பதற்குப் பல கருத்துகள் உலவுகின்றன. பசுங்கணிக உயிரியலில் என்னை மிகவும் ஈர்க்கும் புதிர்களில் இது ஒன்று.

அஸ்கார்பேட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு தேவைப்படும் பொருளைப் பசுங்கணிகம் தானே தயாரிப்பதில்லை. அதன் கடைசிப் படி மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது. அங்கிருந்து பசுங்கணிகத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் சிறு செடியான அரபிடாப்சிஸில், மரபணு மாறியதால் அஸ்கார்பேட் மிகவும் குறைந்த மாற்றுவகைகள் மிதமான வெளிச்சத்தில் ஓரளவு நன்றாகவே வளர்கின்றன. ஆனால் அதன் உற்பத்தியை முழுவதுமாக நிறுத்திய செடிகள் முளைத்த சில நாட்களில் வெளிறி, வளர்ச்சி நின்றுவிடுகின்றன. வெளியிலிருந்து கொடுத்தால்தான் பிழைக்கின்றன.

ஆற்றல் வழி

ஒளியைப் பிடித்த பச்சையம் அதன் ஆற்றலை உடனே கைமாற்றிவிட வேண்டும். சில நானோவிநாடிக்குள் அது நடக்காவிட்டால், பச்சையம் மும்மை நிலை என்ற நீண்ட ஆயுள் கொண்ட நிலைக்கு நழுவக்கூடும். அந்த நிலையில் ஆக்சிஜன் எதிர்ப்பட்டால் ஆற்றல் அதற்குத் தாவி, சிங்லெட் ஆக்சிஜன் என்ற ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் பிறக்கும். தண்ணீரில் இதன் ஆயுள் சில மைக்ரோவிநாடிகளே. வெகுதூரம் போக முடியாது, ஆனால் பிறந்த இடத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்க அது போதும். இதை எதிர்கொள்ள ஸ்ட்ரோமாவில் மிதக்கும் நொதிகள் உதவாது. காவல் காரியம் நடக்கும் இடத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் இருப்பவை கரோட்டின் போன்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளான கரோட்டினாய்டுகள். ஒளியைத் திரட்டும் புரதங்களுக்குள் பச்சையத்தை ஒட்டியே அமர்ந்து, மும்மை நிலைப் பச்சையத்தின் ஆற்றலை ஆக்சிஜனுக்கு முன்னால் தாங்களே வாங்கி வெப்பமாக விட்டுவிடுகின்றன. கரோட்டினாய்டு உற்பத்தியைத் தடுக்கும் களைக்கொல்லிகள் பட்ட செடிகளில் புதிய இலைகள் வெள்ளையாக வெளிவருவதைப் பார்க்கலாம். அங்கே பச்சையம் உருவாகாமல் இல்லை. காக்க ஆளில்லாமல் வெளிச்சத்தில் எரிந்துபோகிறது.

ஒளி அமைப்பு 2-இன் மையத்தில் மட்டும் இந்த ஏற்பாடு முழுமையாகச் செல்லாது. அங்கே தண்ணீரிடமிருந்தே எலெக்ட்ரானைப் பறிக்கும் அளவுக்கு வலுவான ஆக்சிஜனேற்றி உருவாகிறது. கரோட்டினை அதன் அருகே வைத்தால் கரோட்டினையே அது ஆக்சிஜனேற்றிவிடும். ஆகவே கரோட்டின் சற்றுத் தள்ளியே இருக்கிறது. அந்தத் தூரத்திலிருந்து மையப் பச்சையத்தின் மும்மை நிலையை அதனால் தணிக்க முடியாது, வெளிப்படும் சிங்லெட் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும். சவ்வின் கொழுப்பில் கரைந்திருக்கும் டோக்கோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, மீதியில் பெரும்பங்கைக் கவனித்துக்கொள்கிறது. ஒரு டோக்கோஃபெரால் மூலக்கூறு தான் அழிவதற்கு முன் 120 சிங்லெட் ஆக்சிஜன் வரை தணிக்க முடியும் என்பது பரவலாகக் கூறப்படும் மதிப்பீடு.

இத்தனைக்குப் பிறகும் மையத்தில் உள்ள டி1 புரதம் சேதமடைகிறது. செடி அதைத் தடுக்க மல்லுக்கட்டுவதில்லை, மாற்றிவிடுகிறது. சேதமடைந்த ஒளி அமைப்பைச் சவ்வின் வேறு பகுதிக்கு நகர்த்தி, டி1-ஐ மட்டும் வெட்டியெடுத்து, புதிதாகத் தயாரித்துப் பொருத்தி, மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. கடும் வெளிச்சத்தில் டி1-இன் அரை ஆயுள் ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கும். டையூரான் போன்ற களைக்கொல்லிகள் ஒளி அமைப்பு 2-இல் எலெக்ட்ரான் வெளியேறும் வழியை அடைக்கின்றன. அப்படிப்பட்ட செடி உணவு தயாரிக்க முடியாமல் பட்டினியால் சாகிறது என்று தோன்றலாம். உண்மையில், வழி அடைபட்ட ஆற்றல் சிங்லெட் ஆக்சிஜனாக மாறிச் செய்யும் சேதமே பட்டினிக்கு முன்பாக அதை முடித்துவிடுகிறது.

ஒளி அமைப்பு 1-இன் நிலைமை நேர் எதிர். அது எளிதில் சேதமடையாது; சேதமடைந்தால் முதலுக்கே மோசம். ஒளி அமைப்பு 2-க்கு இருப்பதுபோல் விரைவான பழுதுபார்ப்பு அதற்குக் கிடையாது. மீண்டு வரப் பல நாட்கள் ஆகும். குளிர் தாங்காத வெள்ளரி இலைகளைக் குளிரில், அதுவும் மிதமான வெளிச்சத்திலேயே வைத்தபோது ஒளி அமைப்பு 1 பழுதாவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். பலர் நினைப்பதற்கு மாறாக, ஒளி அமைப்பு 2 முதலில் மட்டுப்படுவது பல சமயங்களில் நல்லதே: எலெக்ட்ரான் வரத்து குறைவதால் பின்னால் இருக்கும் ஒளி அமைப்பு 1 தப்பித்துக்கொள்கிறது.

வருமுன் காத்தல்

மேலே சொன்னவை எல்லாம் நஞ்சு பிறந்த பிறகு நடப்பவை. அது பிறக்கும் முன்பே உபரி ஆற்றலை வெப்பமாக விட்டுவிடும் ஏற்பாடும் செடியிடம் உண்டு. வெளிச்சம் மிஞ்சும்போது தைலகாய்டின் உட்புறம் அமிலத்தன்மை கூடுகிறது. அதை உணரும் பிஎஸ்பிஎஸ் என்ற புரதம் ஒளியைத் திரட்டும் புரதங்களின் அமைப்பை மாற்றுகிறது. கூடவே, வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தினாக மாற்றப்படுகிறது. இரண்டும் சேர்ந்து, பச்சையம் பிடித்த ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். நிறமியை மாற்றும் நொதிக்கு எலெக்ட்ரான் தருவது யார் என்று பார்த்தால், அங்கேயும் அஸ்கார்பேட்தான். முன்தடுப்பும் பின்சிகிச்சையும் ஒரே கையிருப்பிலிருந்து செலவாகின்றன.

இந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு. மேகம் மறைத்த பிறகும், மேல் இலையின் நிழல் விழுந்த பிறகும் இந்த வெப்ப விரயம் உடனே நிற்பதில்லை. பல நிமிடங்கள் நீள்கிறது. அந்த நேரத்தில் பயன்படக்கூடிய ஒளியும் வீணாகிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மீட்சியை விரைவாக்கும்படி மூன்று மரபணுக்களைப் புகையிலையில் கூட்டியபோது, வயலில் வளர்ந்த செடிகளின் உலர் எடை ஏறத்தாழ 15 சதவீதம் அதிகரித்தது. காப்பைக் கூட்டி அல்ல, தேவையில்லாதபோது அதை விரைந்து விலக்கிக்கொண்டதால் கிடைத்த ஆதாயம் இது.

காப்பு நொதிகளை வெறுமனே கூட்டினால் என்ன ஆகும்? 1990-இல் டிஸ்மியூடேஸ் மிகுதியாக உள்ள புகையிலைச் செடிகளை உருவாக்கிப் பார்த்தபோது சூப்பர்ஆக்சைடைத் தாங்கும் திறன் கூடவில்லை. 1993-இல் வேறொரு குழு பட்டாணியின் டிஸ்மியூடேஸை வைத்துச் செய்தபோது பலன் கிடைத்தது; ஆனால் அந்தச் செடிகளில் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் சேர்ந்து உயர்ந்திருந்தது. ஒரு கண்ணியை மட்டும் வேகப்படுத்தினால் நஞ்சு அடுத்த கண்ணியில் போய்த் தேங்கும் என்பதே இதற்கு இயல்பான விளக்கம். இலையை அரைத்துச் சாறெடுத்து, "மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்" என்று ஒரே எண்ணைச் சொல்லும் அளவீடுகள் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. அரைத்த கணமே சவ்வு எது, ஸ்ட்ரோமா எது, உயிரணுவின் நுண்குமிழி (வாக்குவோல்) எது என்ற பிரிவினை போய்விடுகிறது. சிங்லெட் ஆக்சிஜனின் ஆயுளை வைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவினைதான் பாதுகாப்பின் பாதி.

செய்தியாகும் நஞ்சு

2001-இல் ஃப்ளூ என்று பெயரிடப்பட்ட அரபிடாப்சிஸ் மாற்றுவகை ஒன்று விவரிக்கப்பட்டது. இருட்டில் பச்சைய உற்பத்தியை நிறுத்தத் தெரியாத செடி அது. இருட்டில் முன்னோடி நிறமி குவிந்துவிடும். வெளிச்சத்துக்கு வந்ததும் அந்த நிறமி சிங்லெட் ஆக்சிஜனைக் கொட்டும். நாற்றுகள் வெளிறிச் சாகும். சிங்லெட் ஆக்சிஜன் நேரடியாகச் சிதைத்ததால் வந்த சாவு என்றே யாரும் எண்ணுவார்கள். கிளாஸ் ஆப்பெலின் குழு 2004-இல் அதை மறுத்துக் காட்டியது. எக்சிக்யூட்டர் என்று பெயரிட்ட மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, அதே அளவு சிங்லெட் ஆக்சிஜன் பிறந்தும் நாற்றுகள் பிழைத்தன. அதாவது, அந்தச் சாவில் பெரும்பங்கு சிங்லெட் ஆக்சிஜனைச் செய்தியாக வாசித்த செடி, தன் மரபணுக்களின் வழியே தானே எடுத்த முடிவு.

அன்றிலிருந்து இந்தப் பார்வை வலுத்துவருகிறது. சிங்லெட் ஆக்சிஜனால் சிதையும் பீட்டா-கரோட்டினிலிருந்து பிறக்கும் பீட்டா-சைக்ளோசிட்ரால் என்ற எளிதில் ஆவியாகும் மூலக்கூறு, பாதுகாப்பு மரபணுக்களை எழுப்பி, செடியைக் கடும் வெளிச்சத்துக்குப் பழக்குகிறது என்று 2012-இல் காட்டப்பட்டது. காவலில் இருந்த கரோட்டின் சிதைந்ததே, மரபணுக்கள் இருக்கும் உயிரணுக் கருவுக்கு எச்சரிக்கையாகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே. உயிரணுவின் கருவை ஒட்டி நிற்கும் பசுங்கணிகங்களிலிருந்து அது நேரடியாகக் கருவுக்குள் போவதை 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று ஒளிரும் உணர்புரதத்தைக் கொண்டு படம்பிடித்தது. அரபிடாப்சிஸின் சில இலைகளில் மட்டும் கடும் வெளிச்சம் பாய்ச்சினால், நிழலில் இருக்கும் மற்ற இலைகளும் பாதுகாப்புக்குத் தயாராகின்றன என்பது 1999-லேயே தெரியவந்தது. பெராக்சைடு மிச்சமே இல்லாமல் துடைத்தெறியப்பட்டிருந்தால் இவற்றில் பல செய்திகள் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது.

பெராக்சிரெடாக்சின்களின் இன்னொரு வேலையைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். பகலில் தயோரெடாக்சின் என்ற புரதங்கள் கால்வின் சுழற்சியின் நொதிகளுக்கு எலெக்ட்ரான் கொடுத்து அவற்றை விழிப்பில் வைக்கின்றன. வெளிச்சம் நின்றதும் அந்த நொதிகள் ஓய வேண்டும்; இல்லாவிட்டால் இரவில் கையிருப்பு ஆற்றலை வீணாக்கிக்கொண்டிருக்கும். ஓயவைப்பது எது என்பது நீண்ட காலம் தெளிவில்லாமல் இருந்தது. 2018-இல் வெவ்வேறு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விடை கண்டன. இருட்டியதும் எலெக்ட்ரான் வரத்து நின்றுவிட, பசுங்கணிகத்தில் எஞ்சியிருக்கும் சிறிதளவு பெராக்சைடு 2-சிஸ் பெராக்சிரெடாக்சினை ஆக்சிஜனேற்றுகிறது. அது தயோரெடாக்சின் வகைப் புரதங்களை ஆக்சிஜனேற்றுகிறது. அவை கால்வின் சுழற்சி நொதிகளிலிருந்து எலெக்ட்ரானைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றை நிறுத்துகின்றன. நடுப்பகலில் இதே நொதிகளை முடக்கிவிடும் என்று அஞ்சி அஸ்கார்பேட்டை அள்ளிச் செலவிட்டு அகற்றிய பெராக்சைடுதான் இங்கே அவற்றை உரிய நேரத்தில் நிறுத்தும் கருவியாகிறது. 2-சிஸ் பெராக்சிரெடாக்சின் இல்லாத அரபிடாப்சிஸ் செடிகளில், விளக்கை அணைத்த பிறகும் அந்த நொதிகள் ஓய்வதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன.